ஜன்னலா, அறுபத்தைந்து அங்குலமா?

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி லெட்சுமி ஹட்டன் பஸ்ஸில் ஒரு கம்போடு ஏறினாள்.

சும்மா கம்பு இல்லை. மட்டக்கம்பு. கொழுந்து பறிக்கும்போது தேயிலைச் செடி மேல் படுக்க வைத்து மட்டம் பார்ப்பார்களே, அது. டீவி வாங்கப் போகிறவளுக்குக் கம்பு எதற்கு? கேட்டேன். கம்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நோர்வூட்டிலிருந்து ஹட்டன் வரை எத்தனை பேர் முழங்காலில் அது இடித்ததோ... நான் தெரியாத ஆள் மாதிரி முன்னால் போய் நின்றுகொண்டேன்.

டீவி வாங்கித் தருவது எங்கள் மகள் தர்ஷினி. டோஹாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறாள். ஓஎல்இடிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். கடையில் ஐம்பத்தைந்து அங்குலம் ஒன்று, அறுபத்தைந்து ஒன்று. பெரியதையே எடுக்கச் சொன்னாள். "ஃபோன்ல மூஞ்சிய ஒட்டி ஒட்டிப் பாத்தது போதும்ப்பா. இனிமே செவுரு முழுக்க நான்தான்."

சரி. ஆனால் நாங்கள் இருப்பது தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒற்றை அறை. ஒரு சுவரில் கட்டில், இன்னொன்றில் அலுமாரி. டீவிக்கு மிச்சம் ஒரே சுவர். அதிலும் ஒரு பக்கம் கதவு, மறுபக்கம் ஜன்னல். நடுவில் டேப் வைத்து அளந்தேன். ஐம்பத்தொரு அங்குலம்.

ஐம்பத்தைந்தே அடங்காதே! அப்புறம் என்ன? எதை வைத்தாலும் ஜன்னலை மறைக்கத்தான் போகிறது. மறைக்கிற ஜன்னலை ஒரேயடியாக அடைத்துவிட்டால் பெரியதையே மாட்டலாம் அல்லவா? சனிக்கிழமையே அரை மூட்டை சிமெண்ட் கொண்டுவந்து இறக்கிவிட்டேன்.

லெட்சுமி மூட்டையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். ஒன்றுதான் கேட்டாள்.

"இத அடைச்சிட்டா புள்ள எது வழியா வருவா?"

எங்கள் வீட்டில் சிக்னல் வருவது அந்த ஜன்னல் கட்டையில் மட்டும்தான். அதுவும் கதவுப் பக்கத்து ஓரத்தில். அங்கே ஒரு சீனி டின்னில் ஃபோனைச் சாய்த்து வைத்தால் மகள் வருவாள். ஓரடி இந்தப் பக்கம் எடுத்தால் பாதி வார்த்தையில் வாயைத் திறந்தபடி உறைந்துவிடுவாள். வாசலில், கூரைக்கு மேலே, கோயிலடியில் — எல்லா இடத்திலும் பார்த்தாயிற்று.

தினமும் சாயங்காலம் ஆறு மணி. மலையிலிருந்து பனி இறங்குகிற நேரம். முதலில் மேல் மலை காணாமல் போகும், பிறகு ரோட்டோரத்து சவுக்கு மரங்கள், பிறகு எதிர் லயம். கடைசியில் ஜன்னலில் வெள்ளை மட்டும்தான் இருக்கும். அந்த வெள்ளைக்கு நடுவே சின்ன வெளிச்சமாக எங்கள் பிள்ளையின் முகம். அவள் டோஹாவில் இருக்கிறாளா, இந்தப் பனிக்குள்தான் எங்கேயோ நிற்கிறாளா என்று எனக்கே சில நாள் குழம்பும்.

இதெல்லாம் தெரிந்தும் நான் என்ன செய்தேன்? கத்தினேன். வேறு வழி இருக்காதா, உனக்கு ஒன்றும் தெரியாது என்று. வேறு வழி இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பெரிய டீவி ஆசை. அவ்வளவுதான்.

ஹட்டனில் ரிஸ்வான் நானா கடை. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். இரண்டு டீவியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பெரியதில் ஒரு ஏரி. அதில் ஒரு ஓடம், ஓடத்தில் ஒரு விளக்கு. மற்றதெல்லாம் இருட்டு. எப்பேர்ப்பட்ட இருட்டு! கையை நீட்டினால் ஈரம் படும் போல இருந்தது. "கறுப்பு கறுப்பாவே தெரியும்ணே. அதுதான் இதுல விசேஷம்" என்றார் நானா. நான் ஓடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். துடுப்புச் சத்தம் கேட்டது. கரை தேவைப்படவில்லை.

லெட்சுமிதான் என்னைக் கரைக்கு இழுத்தாள். கம்பைத் தூக்கிச் சின்ன டீவியின் மேல் விளிம்பில் படுக்க வைத்தாள். கம்பும் டீவியும் சரிக்குச் சரி.

"எங்க செவுரு ஒரு கம்பும் நாலு வெரலும்" என்றாள். "இது அடங்குதே."

அடங்காது, ஐம்பத்தைந்து என்று போட்டிருக்கிறதே என்று நான் எகிறினேன். ரிஸ்வான் நானா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "டீவிய மூலைக்கு மூலைதான் அளப்பாங்கண்ணே. அகலத்துல இது நாலடிதான்" என்றார்.

வீட்டில் கிடக்கிற சிமெண்ட் மூட்டை என் கண்முன் வந்து போனது.

அவள் விடவில்லை. பெரிய டீவியிலும் கம்பை வைத்தாள். கம்பு முடிந்த பிறகும் ஒரு சாண் டீவி மிச்சம். அதில் நாலு விரலைக் கழித்தால் ஜன்னல் மேல் ஆறு அங்குலம் ஏறும். நான் குரலைத் தாழ்த்தினேன். ஆறே ஆறு அங்குலம்தானே, ஜன்னலை முழுசாக அடைக்கவும் வேண்டாமே...

"ஃபோன் வக்கிற எடமே அம்புட்டுத்தாங்க" என்றாள்.

அந்த ஏரியைக் கடைசியாக ஒரு தடவை பார்த்தேன். ஓடம் போய்க்கொண்டே இருந்தது. நான் இறங்கிக்கொண்டேன். ஐம்பத்தைந்தைக் கட்டச் சொன்னேன்.

மறுநாள் டீவியைச் சுவரில் பூட்ட வந்தவர், ஃபோனில் வருவது டீவியிலும் வருகிற மாதிரி செய்து கொடுத்துவிட்டுப் போனார். ஆறு மணிக்கு மகள் வந்தாள். சுவரில் அவ்வளவு பெரிய முகம். லெட்சுமி கட்டிலில் இருந்து எழுந்தே விட்டாள்.

நானா சொன்னது பொய் இல்லை. கறுப்பு கறுப்பாகவே தெரிந்தது. தர்ஷினியின் கண்களுக்குக் கீழே இரண்டு பக்கமும். இத்தனை மாதமாகச் சின்ன ஃபோனில் தெரியவே இல்லை. தூங்குறியா புள்ள என்று கேட்டாள் லெட்சுமி. ஆள் குறைவு, இரண்டு ஷிப்ட் பார்க்கிறேன் என்று மகள் இழுத்தாள்.

சின்னதை வாங்கினோம் என்று மகள் கோபிப்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் அதைக் கேட்கவே இல்லை. வேறொன்று கேட்டாள்.

"அம்மா, ஃபோன அந்தப் பக்கம் திருப்பேன். பனி வந்திருச்சா?"

லெட்சுமி சீனி டின்னோடு திருப்பி வைத்தாள். ஜன்னல் வழியாகப் பனி அறைக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது. டோஹாவில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அங்கே கையளவு ஃபோனில் அவள் எங்கள் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்களும் அவளோடு நின்று பார்த்தோம் — புது டீவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

எங்கள் வீட்டில் அரை மூட்டை சிமெண்ட் சும்மா கிடக்கிறது. வேண்டியவர்கள் வந்து தூக்கிக்கொண்டு போகலாம்.