ஒரு பதிலுக்கு ஒரு சீட்டு

இன்னைக்கு பஸ்ல எனக்கு முன்சீட்டுல கலைச்செல்வி. என்கிட்ட இங்கிலீஷ் படிக்கிற உயர்தர (ஏ.எல்.) வகுப்பு மாணவி, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. வீட்டுல தமிழ், டவுன்ல சிங்களம், ரெண்டுலயும் வெளுத்து வாங்குவா. இங்கிலீஷ்ல மட்டும் ஒரு வருஷமா வாயே தெறக்கல.

வழியில ஒரு வெள்ளைக்காரர் பெரிய பையோட ஏறினார். இந்த பஸ் கித்துல்கல போகுமான்னு நேரா அவகிட்டயே கேட்டார்.

கலைச்செல்வி எழும்பி நின்னா. கையக் கட்டினா. "ஆமாம் சேர், இந்த பஸ் கித்துல்கலவுக்குப் போகும்"னு இங்கிலீஷ்ல முழுசா சொன்னா.

எழும்பி நின்னு முழு வசனமா பதில் சொல்லணும்ங்கிறது என் வகுப்புச் சட்டம்.

அவர் என்ன நெனச்சாரோ, நன்றி சொல்லிட்டு அவ சீட்டுலயே உக்காந்துட்டார்.

எனக்குப் பொறுக்கல. "எடத்தக் கேட்டு வாங்கும்மா"ன்னேன்.

"இருக்கட்டும் டீச்சர்." மொகமெல்லாம் சிரிப்பு. "நான் பேசினது அவருக்கு வெளங்கிருச்சு."

கித்துல்கல வரைக்கும் அவர் கேட்டதுக்கெல்லாம், நின்னுக்கிட்டே, முழு வசனத்துல பதில் சொல்லிக்கிட்டு வந்தா.

நாளையிலிருந்து என் வகுப்புல உக்காந்தே பதில் சொல்லலாம்.

நீங்க மொதமொதல்ல இங்கிலீஷ் பேசினப்ப உங்களுக்கு என்ன பறிபோச்சு?