அண்ணியிடம் சொல்லிப் பார்த்த வரிகள்

செல்வராஜ் அண்ணன் மாரடைப்பில் காலமான செய்தியை ஃப்ளெக்ஸ் கடைக்காரர்தான் எனக்குச் சொன்னார். "சாருக்குப் பேனர் அடிக்கணுங்க. கீழே கவிதை யாரு எழுதறது?" என்று கேட்டார். நம் கம்பெனியில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அது அண்ணனுடைய வேலை. போனை வைத்துவிட்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினேன்.

ஓசூரில் கியர் லைனில் அவர் பக்கத்து மிஷின் என்னுடையது. "கவிஞரே" என்று கிண்டல் செய்ததில் நான்தான் முதல் ஆள். அதற்கு எனக்கு நல்ல பாடம் கிடைத்தது. ஒருமுறை அவர் லீவில் இருந்தபோது, நம் முருகேசனின் அம்மா சூளகிரியில் இறந்துபோனார். அவசரத்தில், அண்ணன் வேறொரு தாயாருக்கு எழுதிய பழைய வரிகளில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். 'மாங்கூழ் மணக்கும் கைகளே' என்று பேனர் நின்றது. "எங்கம்மா மாங்கூழ் கம்பெனிப் பக்கமே போனதில்லையேண்ணா" என்றான் முருகேசன். மானம் போயிற்று.

அண்ணன் திட்டவில்லை. காரியத்துக்கு முன்னால் என்னையும் அந்த வீட்டுக்குக் கூட்டிப்போய், "அம்மா கடைசியா உங்கிட்ட என்னப்பா சொன்னாங்க?" என்று கேட்டார்.

"சாப்பிட்டுப் போடான்னாங்க. கம்பெனி பஸ் போயிடும்னு ஓடிட்டேன்."

அண்ணன் எழுதிய வரி: 'பஸ் போகட்டும் அம்மா, இன்று சாப்பிட்டுவிட்டே போகிறேன்.' அதுவரை அழாமல் இருந்த முருகேசன் காரியத்துக்கு வைத்த அந்தப் புதுப் பேனருக்கு முன்னால் நின்று தேம்பித் தேம்பி அழுதான். "துக்கத்தைப் பத்தி எழுதக் கூடாது தம்பி, அது அவங்ககிட்டயே இருக்கு" என்றார் அண்ணன், திரும்பும் வழியில்.

இப்போது அதே கேள்வியை அவர் வீட்டில் நான் கேட்க வேண்டியிருந்தது. கௌரம்மா அண்ணி கன்னடக்காரர்; தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. எழுதும் ஒவ்வொரு வரியையும் அண்ணன் முதலில் அவரிடம் கன்னடத்தில் சொல்லிப் பார்ப்பாராம். அண்ணி செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திக் கேட்டால்தான் அது கடைக்குப் போகுமாம். இத்தனை வருடத்தில் எனக்கு இது தெரியாது.

"நேத்தும் ஒரு வரி சொன்னாரு. நான் துணி மடிச்சிட்டே இருந்தேன். சரி, நாளைக்கு வேற எழுதறேன்னாரு" என்றார் அண்ணி.

நான் எழுதியது இதுதான்: 'அண்ணி துணியைக் கீழே வைத்துவிட்டார். அந்த வேறு வரியைச் சொல்லுங்கள், அண்ணா.'

கடைக்கு அனுப்பும் முன் என் அரைகுறைக் கன்னடத்தில் அண்ணியிடம் சொன்னேன். வெகுநேரம் அழுதார். பிறகு, "இதையே போடுங்க" என்றார்.

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றைத்தான். இனி உங்கள் வீட்டுக்கு அதைக் கேட்க வருவது நான். மறைக்காமல் சொல்லுங்கள்.