வெடிக்காத கப்புக் கணக்கு

எட்டாம் வகுப்பில் கணக்கு எனக்கு வேப்பங்காய். அரைப்பரீட்சையில் ஃபெயிலானதும், முழுப்பரீட்சையிலும் இதே கதைதான் என்றால் தன்னோடு பீங்கான் பட்டறைக்கு வந்து கப்புக்குக் கைப்பிடி ஒட்டலாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. நிதானமாகச் சொன்னாள், மேஸ்திரியிடமும் பேசி வைத்துவிட்டாள்.

வசதியுள்ள பிள்ளைகள் டியூஷனுக்குப் போனார்கள். எங்களைப் போன்ற மக்குகளுக்கு, நல்லூர்ப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் பதினோராம் வகுப்பு அக்கா ஒருத்தி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லித் தருவாள். அப்போதெல்லாம் பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும்; அவளுக்கே அந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை.

புரிந்ததா என்று அவள் கேட்கவே மாட்டாள். கேட்டால் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுவோம் என்று அவளுக்குத் தெரியும். போட்ட கணக்கைப் பக்கத்திலிருப்பவளுக்குச் சொல்லித்தரச் சொல்வாள். அதில்தான் நான் மாட்டினேன். ஒருவர் ஒரு நாளில் நாற்பது கப் செய்தால் ஆறு நாளில் எத்தனை? பெருக்கி முடித்துவிட்டு, அதில் கொஞ்சம் கழித்தேன். எதற்கு என்று பக்கத்திலிருந்தவள் கேட்டாள். சூளையில் வெடித்தது போகத்தானே கணக்கு என்றேன். கழிக்காமல் கப்பை எண்ணி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. பட்டறை வீட்டுப் பிள்ளைகள் இன்னும் இரண்டு பேரும் கழித்துத்தான் வைத்திருந்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை.

"நீ சரியாத்தான்டி யோசிச்சிருக்க. ஆனா கேள்வியில இல்லாதத நீயா சேக்காத. பரீட்சையில யாரு கப்பும் வெடிக்காது" என்றாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் சரியாக யோசிக்கிறேன் என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு ஒரு மத்தியானமும் நான் தவறவிடவில்லை.

முழுப்பரீட்சையில் பாஸ். ஓடிவந்து அம்மாவிடம், உடனே மேஸ்திரியிடம் போய் நான் வரவில்லை என்று சொல்லிவிடு என்றேன். அம்மா அரிசி களைந்துகொண்டே, அதைப் பரீட்சைக்கு முன்னாலேயே சொல்லியாயிற்று என்றாள்.

"அந்தப் பொண்ணு பட்டறை வாசலுக்கே வந்துச்சு. அவ ஃபெயிலானாலும் நிறுத்திடாதீங்கம்மா, அடுத்த வருஷமும் நான் சொல்லித் தரேன்னுச்சு. அதுக்கு மேல நான் என்னா பேசறது?"

அடுத்த வருஷம் அக்கா பள்ளிக்கூடத்திலேயே இருக்கமாட்டாள் என்பது அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அம்மாவைச் சமாதானப்படுத்தச் சொன்ன வார்த்தை என்றுதான் நினைத்தேன். அதற்கே அவளைக் கும்பிடலாம் போலிருந்தது.

பள்ளி திறந்தபின் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அக்கா நல்லூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"ஒம்பதாம் கிளாஸ் புஸ்தகத்த எடுத்துட்டு வாடி" என்றாள்.