காலண்டர் பிள்ளை

குழந்தைகளைப் படம் பிடிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறதாம். படம் பிடிக்கிறார்கள் என்பதே பிள்ளைக்குத் தெரியக் கூடாதாம். அப்போதுதான் முகம் உள்ளது உள்ளபடி வருமாம். எங்கள் தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசானி, இப்படிச் சொன்னதாக, மலையில் எங்கள் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா எங்களுக்குச் சொன்னார். அவ்வளவு தெரிந்த அம்மாள் முதல் நாளே நாங்கள் குடியிருக்கிற லயத்துக்குச் சொல்லி அனுப்பாமலாவது இருந்திருக்கலாம். சொல்லி அனுப்பினாள். வினை அங்கேதான் தொடங்கியது.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாப் பக்கம். அரசாங்கம் எங்கள் வாக்குரிமையைப் பறித்துக்கொண்டு, நீங்கள் இந்த நாட்டு ஆட்கள் இல்லை என்று சொல்லிவிட்டிருந்த காலம் அது. நான் கொழுந்து பறித்தேன். என் வீட்டுக்காரர் துரை பங்களாவில் பூஞ்செடிகளைப் பார்க்கிற வேலையில் இருந்தார். எங்களுக்கு ஒரே மகள், மூன்று வயது. நாங்கள் வேலைக்குப் போனால் அவள் பிள்ளைக் காம்பராவில் இருப்பாள். மலைக்குப் போகிற தாய்மார்களின் பிள்ளைகளை ஒரு ஆயம்மா வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம் அது.

ஒரு சாயங்காலம் கங்காணி லயத்து வாசலில் நின்று சத்தம் போட்டார்.

“நாளைக்குத் தொரசானி புள்ளக் காம்பராவுக்கு வர்றாங்க. புள்ளைங்களப் படம் புடிக்கப் போறாங்களாம்.”

அவ்வளவுதான், லயமே கல்யாண வீடாகிவிட்டது. எங்களில் ஒருத்தியின் பிள்ளைக்கும் அதுவரை படம் என்று ஒன்று கிடையாது. ஹட்டனுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டூடியோவில் உட்கார வைக்கிற வசதி யாரிடம் இருந்தது? பவுடர் டின் ஒன்றே ஒன்றுதான், அது ஒவ்வொரு குடும்பத்தின் காம்பராவுக்கும் போய் வந்தது. தீபாவளிக்கென்று வாங்கி வைத்திருந்த மஞ்சள் துணியில் நான் கையாலேயே ஒரு கவுன் தைத்திருந்தேன். என் பழைய சேலைக் கரையை வெட்டிக் கழுத்தைச் சுற்றி வைத்திருந்தேன். விடியுமுன் பிள்ளையை எழுப்பி, குளிப்பாட்டி, எண்ணெய் வைத்து, பின்னி, மை தீட்டி, கன்னத்தில் பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டும் வைத்தேன். அவளை அப்படிப் பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த முகம் ஒரு கடதாசியில் என் கைக்கு வந்துவிட்டால் போதும், பிறகு எனக்கு என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

பிள்ளைக் காம்பராவில் விட்டபோது ஆயம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“இதுல எது எவ புள்ளடி? எல்லாம் மாவு மூட்டையில விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்கே!”

காலைக் கொழுந்து நிறுக்கிற மடுவம் அந்தக் காம்பராவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நிறுத்துவிட்டு நாங்கள் ஓடிப்போய் நின்றபோது துரைசானியும் வந்து சேர்ந்தாள், கழுத்தில் கேமராவோடு, பின்னால் கண்டாக்கு ஐயாவோடு. பிள்ளைகளைப் பார்த்ததும் அவள் முகம் சப்பென்று போனது. இங்கிலீசில் ஏதோ சொன்னாள். கண்டாக்கு ஐயா எங்கள் பக்கம் திரும்பினார்.

“என்னா இது, வேசம் கட்டி வச்சிருக்கீங்க? வழக்கமா இருக்கிற மாதிரி இருந்தாத்தான் படம் நல்லா வருமாம். எல்லாத்தையும் கழட்டுங்க. மொகத்தத் தொடைங்க.”

வழக்கமாக எப்படி இருப்பார்கள் என்பது அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு முன்னால் அவள் அந்தப் படியில் கால் வைத்ததே இல்லை. ஆனாலும் கழற்றினோம். ஆயம்மா ஈரத்துணியால் ஒவ்வொரு முகமாகத் துடைத்தாள். பவுடர் போனது, மை போனது, திருஷ்டிப் பொட்டும் போனது. என் மகளுக்குப் பழைய சட்டையை மாட்டிவிட்டார்கள். தோளில் கிழிந்த சட்டை. கவுனை மடித்து என் கையில் கொடுத்தார்கள். அதில் பவுடர் வாசம் அப்படியே இருந்தது.

“தாய்மாருங்க எல்லாம் கானுக்கு அந்தப் பக்கம் போங்க. ஒங்களப் பார்த்தாப் புள்ளைங்க வெறச்சுப் போயிருதுங்களாம்.”

மழைத்தண்ணீர் ஓடுகிற அந்தக் கானைத் தாண்டிப் போய் நின்றோம். என் மகள் படியில் தனியாக நின்று என்னையே பார்த்தாள். என் கையில் கவுனைக் கண்டுவிட்டாள். அதைப் போட்டுவிடத்தான் அம்மா வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

“தூக்கு!”

பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். அழப்போகிற குழந்தையின் முகத்தில், அழுகைக்கு முன்னால் கண் இமைக்கிற நேரத்துக்கு, சிரிப்பு மாதிரியே ஒன்று வந்து போகும். கண் விரியும், வாய் திறக்கும், கன்னம் மேலே ஏறும். தூக்கிவிட்டால் அது சிரிப்பாக நிற்கும். தூக்காவிட்டால் அழுகையாகிவிடும். அவள் முகத்தில் அது வந்ததைப் பார்த்தேன், என் கால் தானாக ஓரடி எடுத்து வைத்தது. துரைசானி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண் கேமராவில் இருந்தது. இடது கையை மட்டும் பின்பக்கமாக என்னை நோக்கி விரித்துக் காட்டினாள். கண்டாக்கு ஐயா என்னை முறைத்தார். அன்றைக்குப் பேர் போகும், கூலி கிடைக்காது என்று நினைத்தேன். பங்களாவில் என் வீட்டுக்காரருடைய வேலை போகும் என்று நினைத்தேன். வேலை போனால் லயத்துக் காம்பராவும் போகும். இவ்வளவும் அந்த ஓரடிக்குள் நினைத்தேன், நின்றுவிட்டேன். கேமரா க்ளிக் என்றது.

அப்புறம் பிள்ளை வீரிட்டு அழுதாள். அதைப் படம் பிடிக்கவில்லை. அது துரைசானிக்கு வேண்டாம் போலிருக்கிறது. மலைக்குத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். கவுனை ஆயம்மாவிடம் கொடுத்துவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு போனேன்.

சாயங்காலம் இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், பங்களாவில் சன்னல் வழியாகத் தான் பார்க்கிற ஒரு படத்தைப் பற்றிச் சொன்னார். துரையின் இரண்டு பிள்ளைகள், வெள்ளை லேஸ் சட்டை போட்டு, தலையை வழித்துச் சீவி, நாற்காலியில் நேராக உட்கார்ந்திருக்கிறார்களாம். அவர்கள் பிள்ளைகளுக்கு மட்டும் வேசம் கட்டலாம் போலிருக்கிறது.

ஆனாலும் அந்தப் படம் எனக்கு வேண்டியிருந்தது. கண்டாக்கு ஐயாவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “தர்றேன்னு சொல்லியிருக்காங்க” என்றார். பிறகு கேட்டபோதும் அதையே சொன்னார். கொஞ்ச காலத்தில் துரைக்கு மாற்றலாகி, குடும்பத்தோடு திம்புள்ளப் பக்கம் போய்விட்டார்கள். என் மகளின் முகமும் அவர்கள் பெட்டியோடு போய்விட்டது.

அதை நான் திரும்பப் பார்த்தது மஸ்கெலியாக் கடையில். அரிசி வாங்கப் போனவள் நிமிர்ந்து பார்க்கிறேன், சுவரில் என் மகள். ஒரு தேயிலைக் கம்பெனி போட்ட காலண்டர். கிழிந்த சட்டை, நீட்டிய கைகள், அந்தச் சிரிப்பு மாதிரியான முகம். கீழே இங்கிலீசில் பெரிய எழுத்து.

“அதுல என்னா போட்டிருக்கு மொதலாளி?”

“வாங்க வாங்கன்னு போட்டிருக்கு. சிலோனுக்கு வாங்கன்னு புள்ள கூப்புடுது. எவ்வளவு சந்தோசமா ஓடி வருது பாரு!”

“ஓடி வரல. அழப் போவுது.”

“ஒனக்கென்னா தெரியும்?”

“நான் பெத்தவ.”

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டு அரிசியை அளந்தார். தோட்டத்துப் பிள்ளை என்றால் எல்லாம் ஒன்றுதான் அவருக்கு. அந்த மாதம்தான் நாங்கள் போட்டிருந்த பிரஜாவுரிமை விண்ணப்பம் இல்லையென்று திரும்பி வந்திருந்தது. இந்த நாட்டில் இருக்க உரிமை இல்லாதவள், உலகத்தையே இந்த நாட்டுக்கு வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சிரித்தேன். கடையில் இருந்தவர்கள் எனக்குப் பைத்தியமோ என்று பார்த்தார்கள்.

காலண்டரைக் கேட்டேன். வருசம் முடியட்டும் என்றார் முதலாளி. முடிந்ததும் போய் வாங்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் சோற்றுப் பசையால் அதைக் காம்பராச் சுவரில் ஒட்டினார்.

அடுப்புப் புகையில் படம் பழுப்பேறியது. மகள் அதன் கீழேயே வளர்ந்தாள். அவளுக்கு அந்த நாள் நினைவில்லை. சேக்காளிகளைக் கூட்டிவந்து, “நான்தான் இது, காலண்டர்ல வந்தேன்” என்று காட்டுவாள். அவள் பெருமையைக் கெடுப்பானேன் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

பெயர் பதிந்து அவளே கொழுந்துக்குப் போகிற வயது வந்தது. முதல் நாளைக்கு முந்தின சாயங்காலம், நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். அவள் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“இதுல நான் யாரக் கூப்புடுறேம்மா?”

“என்னத்தான்.”

அன்றைக்கு எல்லாவற்றையும் கொட்டினேன். பவுடர், மஞ்சள் கவுன், ஈரத்துணி, கானுக்கு அந்தப் பக்கம், துரைசானியின் கை. சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் ஏறியது. அவளுக்கும் ஏறும், அந்தத் துரைசானியை இரண்டு வார்த்தை திட்டுவாள், என் மனம் கொஞ்சம் ஆறும் என்று இருந்தேன்.

அவள் யாரையும் திட்டவில்லை. சுவருக்குப் பக்கத்தில் போய், அந்தப் பிள்ளையின் நீட்டிய கைகளைப் பார்த்தாள்.

“நீ அங்கனயேதானே நின்ன? அப்புறம் ஏம்மா வரல?”

“அதான் சொன்னேனே. தொரசானி கையக் காட்டுனாங்க.”

“கையத்தானம்மா காட்டுனாங்க” என்றாள்.