நறுக்கிய நூல்

கல்யாணமாகி மூன்றாம் வருஷம், 1957. எனக்கு இருபத்திரண்டு வயது. கணவர் பஞ்சாலைத் தொழிலாளி. நான் கடற்கரைப் பக்கத்து பிரெஞ்சு வீடுகளுக்குப் போய்த் துணி தைத்துக் கொடுப்பேன். குழந்தை இல்லை. மாதாமாதம் கொல்லைக் கொடியில் என் தீட்டுத்துணி காயும்போது மாமியார் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போவார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த வருஷம் நான் தைத்துக் கொடுத்த ஒரு மதாம், பிரெஞ்சுக்கார அம்மா, வீட்டைக் காலிசெய்துகொண்டு பிரான்சுக்குக் கப்பலேறினார். போகுமுன் என்னிடம் ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்தார். உள்ளே விரல் கனத்துக்கு அழுத்திய பஞ்சு உருளைகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு நூல். மாதவிலக்கு நாட்களில் உடம்புக்குள் வைத்துக்கொள்வது. 'தம்போன்' என்றார். "உள்ள வை. நூல் வெளிய. அப்பறம் இழு. துணி வேணாம்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிச் சிரித்தார்.

துணி வேண்டாம் என்பதுதான் என் மனதில் நின்றது. ஒரே ஒரு மாதம் அந்தக் கொடி காலியாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

முதல் நாள் காலையில் ஒன்றை வைத்தேன். நூல் தொங்கியது. கிணற்றடியில் மாமியாரும் நானும் ஈரப் பாவாடையோடு ஒன்றாகத்தான் குளிப்போம். அவர் கண்ணில் பட்டால் என்ன சொல்வது? தையற்காரி கை வேறு, தொங்கும் நூலை விட்டுவைக்காது. கத்தரியை எடுத்து ஒட்ட நறுக்கினேன். மாலையில் விரலுக்கு எதுவும் அகப்படவில்லை. எங்கேயோ விழுந்திருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு அடுத்ததை வைத்தேன். அதன் நூலை நறுக்கவில்லை. அதுவும் பின்னால் வைத்தவையும் ஒழுங்காக வந்தன. காகிதத்தில் சுற்றி, வேலைக்குப் போகும் வழியில் வாய்க்காலில் போட்டேன்.

ஐந்தாம் நாள் மாமியார் என் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டார். "நீ தூக்காத. இனிமே தண்ணி நான் சேந்திக்கிறேன்." கொடி காலியாக இருந்ததைப் பார்த்து நான் உண்டாகியிருப்பதாக நினைத்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. மறுக்காமல் குடத்தை விட்டுவிட்டேன். மறுநாள் பருவமில்லாத மாங்காயை எங்கோ தேடி வாங்கிவந்தார். அதையும் தின்றேன்.

ஏழாம் நாள் நாற்றம் தொடங்கியது. "இன்னாடி இது, வைத்திக்குப்பத்து மீன்கூடை வூட்டுக்குள்ள பூந்துக்கிச்சா?" என்று மாமியார் சிரித்தார். நானும் சிரித்தேன். குந்தி உட்கார்ந்து முக்கிப் பார்த்தேன். விரலில் ஏதோ தட்டியது, வழுக்கி மேலே போயிற்று. அது குடலுக்குப் போய்விடும், வயிற்றை அறுத்துத்தான் எடுப்பார்கள் என்று நம்பினேன். யாரிடம் கேட்பது? கொடுத்தவர் நடுக்கடலில் இருந்தார். தினமும் குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. அந்த நாட்களில் 'மழை', 'மழை இல்லை' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

பத்தாம் நாள் குளிர்ஜுரமும் பழுப்பான கசிவும் வந்தன. மாமியாரே என்னைப் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். "நாள் தள்ளிப்போயிருக்கு, நர்சம்மா. எப்பிடியாச்சும் புள்ளைய காப்பாத்திக் குடுங்க" என்று அழுதார்.

நர்ஸ் என்னை மட்டும் உள்ளே படுக்கவைத்தார். அவரிடம் உண்மையைச் சொன்னேன். "முட்டிய மடக்கு. தம் கட்டாத. இருமு." இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டார். "இது வயித்துக்குள்ளலாம் போவாது, அங்க வழி கெடையாது. மொத நாளே வந்திருந்தா ஒரு இருமல்ல முடிஞ்சிருக்கும். நாள்கணக்குல வுட்டா சீழ் புடிக்காம என்னா செய்யும்?"

பிறகு மாமியாரை அழைத்துக் காட்டினார். "பாருங்க, வெறும் பஞ்சு. புள்ளையே உண்டாவல."

மாமியார் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்கள் பக்கம் கருவைக் கலைக்க எருக்கங்குச்சி வைப்பார்கள். "குச்சிக்குப் பதிலா பஞ்சு" என்றார். "எம் பேரப்புள்ள உனக்கு இன்னாடி செஞ்சிது?"

வீட்டில் கணவர் எங்கள் இருவரிடமும் விசாரித்தார். முடிவில் என்னிடம், "அப்பறம் ஏன் அந்த மாங்காய தின்ன?" என்றார்.

ஊசி போட்டு ஜுரம் இறங்கியது. அதன்பின் கரு தங்கவே இல்லை. உள்ளே புண்ணாகியிருக்கலாம் என்றார் டாக்டர், நிச்சயமாகச் சொல்லவில்லை.

1962இல் மாமியார் படுத்த படுக்கையானார். நான்தான் துடைத்துவிட்டேன். ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பயாச்சும் சொல்லுடி. ஆணா, பொண்ணா?" என்றார். வெறும் பஞ்சுதான், பிள்ளையே உண்டாகவில்லை என்று ஐந்து வருஷமாகச் சொன்னதையே இன்னொரு முறை சொன்னேன். கையை விட்டுவிட்டார்.