ஜெர்மனியைக் காப்பாற்றப் போன கதை

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு விழாவில் அந்த வருஷம் பாட்டுப் போட்டிக்குப் பதிலாக விவாதம் வைத்தார்கள். முதல் உலகப்போர் மூண்டதற்கு எந்த நாடு பொறுப்பு என்பது தலைப்பு. சங்கத்தின் செயலாளர் ஓய்வு பெற்ற சரித்திரப் பேராசிரியை, வேறென்ன தலைப்பு தருவார்? சீட்டுக் குலுக்கியதில் ஜெர்மனிதான் குற்றவாளி என்று பேச என் கணவருக்கு விழுந்தது. ஜெர்மனியைக் காப்பாற்றும் வேலை எனக்கு.

நாங்கள் நெல்லையிலிருந்து இந்த மலையாள ஊருக்குக் குடிவந்தவர்கள். அவர் சாலைக் கடைத்தெருவில் ஆணியும் கீலும் பூட்டும் விற்பவர். நான் ஆபீஸில் கோப்பு புரட்டுகிறவள். சரித்திரத்தைப் பள்ளிக்கூடத்தோடு விட்டிருந்தோம். இருந்தாலும் நூலகத்திலிருந்து ஆளுக்கொரு தடிப் புத்தகம் எடுத்து வந்தோம். அன்றிலிருந்து வீட்டில் ஒழுங்காகச் சமையல் நடக்கவில்லை. செர்பியாவை அடிக்கக் கிளம்பிய ஆஸ்திரியாவிடம், நீ போ, நான் இருக்கேன் என்று முதுகில் தட்டிக்கொடுத்தது யார், எந்தப் பக்கமும் சேராத பெல்ஜியத்துக்குள் படையோடு புகுந்தது யார் என்று அவர் கேட்பார். ஆஸ்திரிய இளவரசரைச் சுட்ட துப்பாக்கி செர்பியாவிலிருந்துதானே போனது, முழுப் படையையும் ரஷ்யா திரட்டினால் ஜெர்மனி கையைக் கட்டிக்கொண்டா இருக்கும் என்று நான் கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை கல்லாற்றுக்குப் போய்த் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டும் இதே பேச்சுதான். பக்கத்துப் பாறையில் இருந்த குடும்பம் மெல்ல எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தது.

விழாவன்று சேலை மடிப்பை நான் சரிசெய்துகொண்டிருந்தபோது அவர் வாசலில் வந்து நின்றார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

“இங்க பாரு, நீ சொல்லுததுதான் சரின்னு படுது. என்னால ஜெர்மனியத் திட்ட முடியாது போல.”

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. “என்னால மட்டும் அதுக்குப் பரிஞ்சு பேச முடியுமாங்க? நீங்க சொன்ன அந்த பெல்ஜியம், பாவம், அது யாருக்கு என்ன செஞ்சுது? ரெண்டு நாளா அதே நெனப்பு.”

கட்சி மாற்றிக்கொள்ளலாமா என்று ஓடிப்போய்ச் செயலாளரிடம் கேட்டோம். சீட்டு சீட்டுதான் என்று சொல்லிவிட்டார்.

மேடையில் மலையாளத்தில்தான் பேச வேண்டும். அவர் ஜெர்மனியைக் குற்றம் சாட்டித்தான் தொடங்கினார். இரண்டாவது நிமிஷமே நாக்கு ரஷ்யாவைத் திட்டப் போய்விட்டது. செயலாளர் மைக்கைப் பிடித்து, சார் எந்தப் பக்கம் என்று விசாரித்தார். கூட்டம் சிரித்தது. அதற்குப் பிறகாவது நான் ஒழுங்காகப் பேசியிருக்கலாம். எழுந்து நின்றதும் பெல்ஜியம் கண்முன் வந்தது. ஆவேசத்தில் மலையாளம் போய் நெல்லைத் தமிழ் வந்துவிட்டது. ஜெர்மனியை நான் வைத வசவில் முன்வரிசைக்காரர் ஒருவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். பிடித்து நிமிர்த்தினார்கள்.

பரிசு, ஆஸ்திரியாதான் காரணம் என்று அடக்கமாகப் பேசிய பல் டாக்டருக்குப் போனது. எங்களுக்குக் கைதட்டல் மட்டும். செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் இப்படி மனசு மாறின மாணவர்களைப் பார்த்ததில்லை என்றார்.

பசி. தெருமுனைத் தட்டுக்கடையில் தோசைக்குச் சொல்லிவிட்டு நின்றோம். மழை தூறத் தொடங்கியிருந்தது. இவர் எதையோ யோசிப்பது தெரிந்தது.

“பிரிட்டன் முன்னாடியே தெளிவா ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இவ்வளவு தூரம் வந்திருக்காதுல்லா?”

நான் அவர் வாயைப் பொத்தினேன். தோசைக்காரர் எங்களைப் பார்க்காத மாதிரி மாவை ஊற்றினார்.