டிக் போட்டுப் பழகிய கை

நாற்பத்தெட்டு வயதில் என்னை மறுபடியும் பரீட்சை எழுதச் சொல்லிவிட்டார்கள். திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்து நான்கு வருடமாக நான் இங்கிலீஷ் டீச்சர். எத்தனை விடைத்தாள் திருத்தியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இப்போது, வேலையில் இருப்பவர்களும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும், கெடுவுக்குள் தேறாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று ஆகிவிட்டது. எங்கள் ஹெச்.எம். அந்தச் சுற்றறிக்கையை ஸ்டாஃப் ரூமில் வாசித்து முடித்ததும் கணக்கு டீச்சர் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கென்னங்க, இங்கிலீஷெல்லாம் அல்வா சாப்பிடுற மாதிரி" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தேர்வில் இங்கிலீஷ் ஒரு பங்குதான். மீதியெல்லாம் குழந்தை உளவியல், தமிழ், சமூக அறிவியல். பாறையில் எத்தனை வகை, மண்ணில் எத்தனை வகை என்று நான் கடைசியாகப் படித்தது பாவாடை தாவணி காலத்தில்.

காலையில் நாலரைக்கு எழுந்து குக்கரை வைத்துவிட்டு கைடைத் திறப்பேன். மூன்றாவது விசிலுக்குள் கண் சொக்கிவிடும். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி, உட்கார இடம் கிடைத்த நாளில் மடியில் கைடு. காவிரிப் பாலத்தில் பஸ் நின்று நின்று போகும்போது இரண்டு பக்கம் படித்துவிடலாம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அந்த இரண்டு பக்கமும் மண்டையில் இருக்காது. "என்ன டீச்சர், பிள்ளைங்களுக்குப் பரீட்சையா?" என்று கண்டக்டர் ஒருநாள் கேட்டார். "எனக்குங்க" என்றேன். அவர் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

ஆறு பீரியட் தொண்டை கிழியக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் மகள் கைடை வைத்துக்கொண்டு எனக்குக் கேள்வி கேட்பாள். அவள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். "தப்பும்மா. நேத்தும் இதையேதான் தப்பா சொன்ன." அவளுக்கு ஒரே குஷி. இருக்காதா? டெஸ்ட் பேப்பரில் பெற்றோர் கையெழுத்துக்கு அவள் என்னிடம் வரும்போதெல்லாம், "ஏன் இவ்வளவு குறைஞ்சுது?" என்று ஒரு விசாரணை நடத்தாமல் நான் பேனாவைத் தொட்டதே இல்லை. அந்த விசாரணைக்குப் பயந்து பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் அவள் அப்பாவிடம் ரகசியமாகக் கையெழுத்து வாங்கி, மாட்டிக்கொண்டதும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோச்சிங் சென்டர். நடத்துகிறவள் என்னிடம் படித்தவள். நான் பெஞ்சில், அவள் போர்டு பக்கத்தில். முதல் மாதிரித் தேர்வு முடிந்ததும் என் தாளை எடுத்துக்கொண்டு வந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து, "மிஸ், வட்டத்தை நிரப்பணும் மிஸ். நீங்க டிக் போட்டிருக்கீங்க" என்றாள்.

பார்த்தேன். சரியான விடைக்கான வட்டத்தைக் கறுப்பாக நிரப்பினால்தான் திருத்துகிற இயந்திரத்துக்குக் கண் தெரியும். நானோ முதல் பக்கம் முழுக்க அழகாக டிக் போட்டு வைத்திருந்தேன். இருபத்து நான்கு வருடமாக, சரியான விடையைக் கண்டால் என் கை செய்கிற வேலை அது ஒன்றுதான். பக்கத்து பெஞ்சு டீச்சருக்கு விஷயம் தெரிந்து அவர் சிரிக்க, நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. "பாத்துக்கங்க மிஸ்" என்றாள்.

தேர்வு மையம் லால்குடியில் ஒரு பள்ளி. ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடித்தேன். பெட்டி முழுக்க என் வயசுப் பெண்கள், கையில் கைடு, முகத்தில் தூக்கம்.

ஹாலில் ஒரு முடிவு எடுத்தேன். தெரியாத பாடங்களை முதலில் முடிப்பது, என் பாடத்தைக் கடைசியில் வைத்துக்கொள்வது. உளவியலும் சமூக அறிவியலும் என்னைப் பிழிந்து எடுத்துவிட்டன. ஒவ்வொரு வட்டத்தையும் கோலத்துக்குச் செம்மண் இடுகிற கவனத்தோடு நிரப்பினேன். இங்கிலீஷுக்கு வந்ததும் அப்பாடா என்று இருந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டேன். முப்பது கேள்வி, மடமடவென்று ஓடியது. முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், முப்பதுக்கும் டிக்.

எச்சரிக்கை மணி அப்போதே அடித்து முடிந்திருந்தது. ஒவ்வொரு டிக்காகக் கறுப்பாக்கிக்கொண்டே போனேன். வேர்வை தாளில் விழக் கூடாதே என்று இன்னொரு கையால் நெற்றியைத் துடைத்தேன். இருபத்து மூன்றாவதை நிரப்பி முடித்தபோது கடைசி மணி அடித்துவிட்டது.

"மேடம், பேனாவைக் கீழ வைங்க" என்றாள் மேற்பார்வைக்கு நின்றிருந்த பெண். சின்ன வயசு.

"ஏழே ஏழுதாம்மா. விடையெல்லாம் போட்டாச்சு, நிரப்பத்தான் பாக்கி."

"எனக்குப் புரியுது மேடம். பெல் அடிச்சாச்சு."

தாளை உருவிக்கொண்டாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இதே குரலில், இதே வேகத்தில் நான் உருவிய தாள்கள் கொஞ்சமா?

ரிசல்ட் வந்தது. ஐந்து மதிப்பெண் குறைவு.

"விடு, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார் கணவர். அடுத்த தடவை என்பது கெடுவுக்கு முன்னால் கடைசித் தடவை. மகளின் காலேஜ் படிப்பு என் சம்பளத்தை நம்பித்தான் இருக்கிறது.

அவர் அந்தப் பக்கம் போனதும், வீட்டுக்கு எடுத்து வந்திருந்த வினாத்தாளையும், என் டிக்குகள் பதிந்திருந்த விடைத்தாளின் கார்பன் நகலையும், விடைக்குறிப்பையும் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். இயந்திரம் பார்க்காத அந்த ஏழு கேள்விகளையும் நானே திருத்தினேன். ஏழும் சரி. ஏழு டிக் போட்டேன். முதல் பக்கத்தின் மேல் ஓரத்தில், எனக்கு வந்த மதிப்பெண்ணோடு ஏழைக் கூட்டி எழுதி, வட்டம் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டேன். பாஸ். யாருக்கு என்ன பிரயோஜனம்? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மகள் எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று கவனிக்கவில்லை. தாளை இழுத்துப் பார்த்தாள். முதலில் சிவப்பு வட்டத்தைப் பார்த்தாள். பிறகு போன் திரையில் அப்படியே திறந்து கிடந்த ரிசல்ட்டைப் பார்த்தாள். விசாரணை வரப்போகிறது என்று நினைத்தேன். எனக்கு வேண்டியதுதான்.

அவள் என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் 'பெற்றோர்' என்று எழுதி, அடியில் தன் கையெழுத்தைப் போட்டாள். ஏன் குறைந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.